கசக்கிறதா, திரிகிறதா, நீர்த்துப் போகிறதா? ஸ்மூத்தியின் கோளாறை அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

காலையில் அவசரமாக ஒரு ஸ்மூத்தி அடிக்கிறோம். லேசாகக் கசக்கிறது, உடனே கை சர்க்கரை டப்பாவுக்குப் போகிறது. நீர்த்திருக்கிறது, ஐஸ் ட்ரேயைத் தட்டுகிறோம். ஐஸ் கரைந்ததும் இன்னும் நீர்த்துப் போகிறது. அதைச் சரிசெய்ய மேலும் ஒரு வாழைப்பழம், ஒரு கரண்டி தேன். கடைசியில் டம்ளரில் இருப்பது ஆரோக்கிய பானமாகவும் இல்லை, ருசியாகவும் இல்லை.

நான்கு வருடமாக எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாளாவது ஸ்மூத்தி உண்டு. பத்து வயது மகளுக்கு ஒரு மாதிரி, சர்க்கரை நோய் உள்ள அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஒரு மாதிரி, வேலைக்கு ஓடும் எனக்கு ஒரு மாதிரி. எல்லாவற்றையும் சட்னி அரைக்கும் அதே சாதாரண மிக்ஸியில்தான் அடிக்கிறேன். இத்தனை நாளில் நான் கண்டது இதுதான்: சர்க்கரையும் ஐஸும் கோளாறை மூடிவைக்கும், தீர்க்காது. காரணம் பெரும்பாலும் மிக்ஸியைப் போடுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பழம் எவ்வளவு கனிந்தது, எதோடு எதைச் சேர்த்தோம், ஜாரில் எதை முதலில் போட்டோம் என்ற மூன்றில் ஒன்றில்தான் அது இருக்கும்.

கீழே அறிகுறிகளாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் டம்ளரில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஓர் அளவு. இரண்டு பேருக்கு, நறுக்கிய பழம் ஒன்றரை கப், கெட்டித் தயிர் அரை கப், தண்ணீரோ பாலோ கால் கப். பழம் குளிர்ந்திருக்க வேண்டும். கோளாறு வரும்போது இந்த அளவுக்குத் திரும்பி வந்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

கசக்கிறது

இதுதான் அதிகம் பேர் தடுமாறும் இடம். கசப்பு எப்போது வந்தது என்று முதலில் பாருங்கள். அடித்த உடனே கசந்ததா, அல்லது நன்றாக இருந்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கசந்ததா? இரண்டுக்கும் காரணம் வேறு.

பிறகு வரும் கசப்புக்குக் காரணம் பழத்தில் உள்ள நொதி. பப்பாளியில் பப்பைன், அன்னாசியில் புரோமெலைன், கிவியில் ஆக்டினிடின், கிர்ணிப்பழத்தில் குக்குமிசின். நான்கும் புரதத்தைத் துண்டாக்கும் நொதிகள். பாலிலும் தயிரிலும் உள்ள புரதத்தை அவை வெட்ட வெட்ட, உடையும் சிறு துண்டுகளில் சில கசக்கும். நேரம் ஆக ஆகக் கசப்பு கூடும்.

ஒருநாள் மகளின் பள்ளிப் பையில் பப்பாளி, பால் சேர்த்த ஸ்மூத்தியை பாட்டிலில் கொடுத்துவிட்டேன். அப்படியே திரும்பி வந்தது. "கசக்குதும்மா" என்றாள். காலையில் நான் குடித்தபோது தேனாக இருந்தது, அதனால் அவள் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வாயில் விட்டுப் பார்த்தால் உண்மையிலேயே கசப்பு. அத்தை அடுப்படியில் இருந்தபடியே சொன்னார்: "பப்பாளியில பால ஊத்தி வச்சா கசக்காம என்ன செய்யும்? ஊத்துனா உடனே குடிச்சிடணும்." நொதியின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் தீர்வு அதுவேதான்.

ஆகவே இந்த நான்கு பழங்களோடும் பால், தயிர் சேர்த்தால் பத்து நிமிடத்துக்குள் குடித்துவிடுங்கள். எடுத்துப்போக வேண்டுமென்றால் பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பாலோ இளநீரோ சேருங்கள். தேங்காய்ப்பாலில் புரதம் மிகக் குறைவு, அதனால் நொதிக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. அன்னாசியும் தயிரும் சேர்ந்தேதான் வேண்டும் என்றால், அன்னாசித் துண்டுகளைச் சிறிது தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி பாலோடு கசக்காமல் இருப்பதும் அது ஏற்கெனவே சூடு பட்டது என்பதால்தான். ஃப்ரீசரில் வைப்பது இதற்கு உதவாது. குளிரில் நொதி தூங்கும், சாகாது. உருகியதும் வேலையைத் தொடரும்.

அடித்த உடனே கசந்தால் விதை, தோல், வெள்ளை நார் இவற்றில் ஒன்றைச் சந்தேகப்படுங்கள். சாத்துக்குடி, ஆரஞ்சின் விதையும் தோலுக்குக் கீழுள்ள வெள்ளைப் பகுதியும் அரைபட்டால் கசக்கும். சாத்துக்குடிச் சாறு வைக்க வைக்கவும் கசக்கும், அதற்கு லிமோனின் என்ற பொருள் காரணம். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சைக்கு நிறமும் மணமும் அருமை, ஆனால் விதை உண்டு. அதை முழு வேகத்தில் ஓட்டினால் துவர்ப்பும் கசப்பும் இறங்கும். குறைந்த வேகத்தில் விட்டு விட்டு நான்கு முறை அடித்து, வடிகட்டி, அந்தச் சாற்றை மற்றப் பழத்தோடு சேருங்கள். மாதுளைக்கும் இதே முறைதான்.

பால் திரிந்து திப்பி திப்பியாக நிற்கிறது

பாலின் கேசின் என்ற புரதம் புளிப்பு ஓர் அளவைத் தாண்டியதும் கட்டிக்கொள்ளும். புளிப்பைக் காட்டும் கார அமில அளவு (pH) 4.6 அருகே வரும்போது அது நடக்கும். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, புளிப்பு மாம்பழம் எல்லாம் பாலை அந்தப் பக்கம் தள்ளக்கூடியவை. வெதுவெதுப்பான பால் என்றால் இன்னும் சீக்கிரம். திரிந்தது கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை, பார்வைக்குத்தான் நன்றாக இருக்காது. புளிப்புப் பழத்துக்குப் பாலை எடுக்காதீர்கள், தயிரை எடுங்கள். தயிர் ஏற்கெனவே புளித்து உறைந்தது, புதிதாகத் திரிய அதில் ஒன்றுமில்லை. பால்தான் வேண்டுமென்றால் வாழை, சப்போட்டா, அவகேடோ, நன்கு கனிந்த மாம்பழம் ஆகியவற்றோடு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் தனியாக, சக்கை தனியாகப் பிரிகிறது

தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். அதை மட்டும் அடித்தால் அது ஜூஸ், ஸ்மூத்தி ஆகாது. டம்ளரில் ஊற்றிய சில நிமிடத்தில் சக்கை மேலே வந்துவிடும். கிர்ணி, ஆரஞ்சு, அன்னாசியும் ஓரளவு இப்படித்தான். இவற்றைத் தாங்கிப் பிடிக்கக் குழைவான துணை ஒன்று வேண்டும்.

பாதி வாழைப்பழம் போதும். வாழை வேண்டாதவர்களுக்கு நம் ஊரிலேயே நல்ல துணைகள் உண்டு. இளநீரின் வழுக்கையைச் சுரண்டிப் போட்டால் அவ்வளவு மெத்தென்று வரும். கொடைக்கானல் கீழ்மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே விளையும் அவகேடோவில் கால் பழம் போதும். ஆற வைத்த ராகிக் கூழ் இரண்டு கரண்டி சேர்த்துப் பாருங்கள். கெட்டியாகும், வயிறும் நிறையும், பழத்தின் ருசியை அமுக்காது. சப்போட்டா, வாழை, மாம்பழம் மூன்றோடும் ராகி நன்றாகப் பொருந்துவதை நான் திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறேன்.

சப்ஜா விதையும் சியா விதையும் நீரைப் பிடித்து வைக்கும். சப்ஜா பத்து நிமிடத்தில் ஊறிவிடும், சியாவுக்கு இருபது நிமிடமாவது கொடுங்கள். எதையும் உலர்ந்தபடி டம்ளரில் தூவிக் குடிக்க வேண்டாம், தொண்டையில் போய் உப்பினால் ஆபத்து. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இதில் கூடுதல் கவனம் தேவை.

ஐஸ் போட்டும் நீர்த்துப் போகிறது என்றால் ஐஸை நிறுத்திவிட்டுப் பழத்தை உறைய வையுங்கள். நான்கு ஐஸ் கட்டி என்பது ஏறக்குறைய அரை டம்ளர் தண்ணீர். கனிந்த வாழைப்பழத்தைத் தோல் உரித்து வட்டமாக நறுக்கி, ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மூன்று மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு டப்பாவில் கொட்டிக்கொள்ளுங்கள். தோலோடு வைத்துவிட்டால் பிறகு உரிப்பதற்குள் கை விறைத்துப்போகும். மே மாதம் மாம்பழம் மலிந்து கிடக்கும்போது இப்படிச் செய்து வைத்தால் ஆடி வரை ஓடும்.

பிளேடு சுற்றுகிறது, பழம் அசையாமல் நிற்கிறது

மிக்ஸி கத்துகிறது, மேலே உள்ள துண்டுகள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பிளேடைச் சுற்றிக் காற்றுக் குமிழ் ஒன்று உருவாகி, அதற்குள்ளேயே பிளேடு சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம். கரண்டியை உள்ளே விட்டுக் கிண்டுவதற்கு முன் மிக்ஸியை நிறுத்துங்கள், சுவிட்சையும் அணையுங்கள். கிண்டி, இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு, குறைந்த வேகத்தில் ஆரம்பியுங்கள்.

அடுத்த முறை இது வராமலிருக்க வரிசையை மாற்றினால் போதும். முதலில் தண்ணீர், பால் அல்லது தயிர். அதன்மேல் மென்மையான பழம். கடைசியில் உறைந்த துண்டுகள். பிளேடு முதலில் தண்ணீரைப் பிடித்து ஒரு சுழலை உண்டாக்கும், அந்தச் சுழல் மற்றதைக் கீழே இழுக்கும். நம்மில் பலரும் பழத்தைப் போட்டுவிட்டு மேலே தண்ணீரை ஊற்றுகிறோம். சட்னிக்கு அது பழக்கம், இங்கே தலைகீழ். ஜாரில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பவும் வேண்டாம்.

நம் வீட்டு மிக்ஸியில் பெரும்பாலானவை 500 முதல் 750 வாட் மோட்டார் கொண்டவை. மசாலாவும் மாவும் அரைப்பதற்காகச் செய்தவை. கல் போன்ற உறைந்த பழத்தை நேராகப் போட்டால் ஜாரின் அடியில், மோட்டாரோடு இணைக்கும் கப்ளரின் பல் தேயும், சில நேரம் உடைந்தே போகும். உறைந்த துண்டுகளை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விடுங்கள். கத்தி உள்ளே இறங்கும் பதம் வந்தால் போடலாம். முழு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உரலிலோ குழவியாலோ உடைத்துவிட்டுப் போடுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டதா? அடியில் சிவப்பாக ஒரு சின்ன ஓவர்லோடு பட்டன் இருக்கும். பளு தாங்காமல் அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, பட்டனை அழுத்திப் போடுங்கள். கருகிய வாடை வந்தாலோ, இரண்டு மூன்று முறை இப்படியே ஆனாலோ மெக்கானிக்கிடம் காட்டுவதுதான் சரி. எப்போதும் முப்பது விநாடி ஓட்டி, சற்று நிறுத்தி, மறுபடி முப்பது விநாடி என்று ஓட்டுங்கள். ஜாரின் அடியில் கசிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பாத்திரக்கடைக்காரர்கள் குறைந்த செலவில் மாற்றித் தருவார்கள். கசிவோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பழச்சாறு மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

பாதி டம்ளர் நுரையாக இருக்கிறது

அதிக நேரம், அதிக வேகத்தில் ஓட்டியதால் காற்று உள்ளே போயிருக்கிறது. ஆப்பிளும் அன்னாசியும் கூடுதலாக நுரைக்கும். முதல் பத்து விநாடி மெதுவாக, பிறகு நடுத்தர வேகம், குழைந்ததும் உடனே நிறுத்திவிடுங்கள். வந்த நுரையை ஐந்து நிமிடம் விட்டால் தானே அடங்கும்.

நாக்கு எரிகிறது, உதடு அரிக்கிறது, தொண்டை கரகரக்கிறது

அன்னாசி தின்றால் நாக்கு புண்போல எரிவதற்கு அதே புரோமெலைனும், கால்சியம் ஆக்சலேட்டின் ஊசி போன்ற படிகங்களும் சேர்ந்து காரணம். செங்காயாக இருந்தால் எரிச்சல் கூடும். நன்கு பழுத்ததை எடுங்கள், நடுத்தண்டை நீக்குங்கள், கண்களை ஆழமாகச் செதுக்குங்கள். எரிச்சல் நிற்கவில்லை என்றால் மேலே சொன்னபடி கொதிக்க வைத்து ஆற்றிய அன்னாசிதான் வழி.

மாம்பழம் குடித்தபின் உதட்டோரம் அரித்தால் காம்புப் பாலைச் சந்தேகப்படுங்கள். காம்பை நறுக்கி, பழத்தை ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்துப் பிறகு கழுவும் நம் வீட்டுப் பழக்கம் இதற்குத்தான். தோலோடு மிக்ஸியில் போடவே வேண்டாம்.

வாய் இழுத்துக்கொண்டு தொண்டை கரகரவென்று இருந்தால் அது காய் சப்போட்டா. சப்போட்டாவின் பாலும் துவர்ப்பும் கனிந்தால்தான் போகும். நகத்தால் தோலைக் கீறினால் பச்சை தெரியக் கூடாது, அழுத்தினால் அமுங்க வேண்டும்.

ஆனால் ஒன்று. எந்தப் பழமானாலும் உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ அது ஒவ்வாமை. ஸ்மூத்தியைச் சரிசெய்யும் வேலை அங்கே இல்லை, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனிப்பே இல்லை

சர்க்கரை டப்பாவைத் திறப்பதற்கு முன் இரண்டு கேள்வி. பழம் கனிந்ததா? ரொம்பக் குளிராக இருக்கிறதா? குளிர் கூடக் கூட நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். இரண்டு நிமிடம் வெளியே வைத்துவிட்டு மறுபடி ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கிற அளவு உப்பு. உப்பு புளிப்பையும் கசப்பையும் சற்று அமர்த்தி இனிப்பை முன்னே கொண்டுவரும். தர்பூசணியில் உப்புத் தூவித் தின்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏலக்காய் ஒரு சிட்டிகை சேர்த்தாலும் இனிப்பு கூடியது போலவே இருக்கும்.

பழம் கனியாததுதான் முக்கால்வாசி நேரம் காரணம். வாழை காயாக இருக்கும்போது அதில் மாவுச்சத்துதான் மிகுதி, கனியக் கனிய அது சர்க்கரையாக மாறும். தோலில் கரும்புள்ளி விழுந்த பழம்தான் ஸ்மூத்திக்கு ஏற்றது. நேந்திரம் நன்கு கறுத்து வரும்வரை பொறுங்கள். கற்பூரவல்லிக்கு இனிப்பு அதிகம், பாதி போதும். ரஸ்தாளி மணக்கும். பூவனில் மெல்லிய புளிப்பு உண்டு, அதனால் தயிரோடு அழகாகச் சேரும். கன்னியாகுமரிப் பக்கம் இருந்தால் மட்டிப்பழத்தை விட்டுவிடாதீர்கள்.

வெளியே பளிச்சென்று மஞ்சள், உள்ளே வெளுத்து மணமில்லாமல் புளிக்கும் மாம்பழம் வாங்கிவிட்டீர்களா? அவசரமாகப் பழுக்க வைத்ததாக இருக்கலாம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது இந்தியாவில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை வரம்புக்குள் பயன்படுத்த மட்டுமே அனுமதி உண்டு. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், காம்படியை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். காயாக வாங்கி அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ புதைத்து வைத்தால் நான்கைந்து நாளில் தானே கனியும். அந்த மணமே வேறு.

இத்தனைக்கும் பிறகு இனிப்பு வேண்டுமென்றால் ஒரு டம்ளருக்கு ஒரு பேரீச்சம்பழம், வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தது. அதோடு நிறுத்துங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்த உருவத்திலும் தேன் கூடாது.

நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டது

இரண்டு வகை. வைத்திருந்து பழுப்பாவது ஒன்று. வாழை, ஆப்பிள், சப்போட்டா நறுக்கியதும் காற்றுப் பட்டு, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியால் நிறம் மாறும். அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் மெதுவாகும். எலுமிச்சை இல்லாவிட்டால் நெல்லிக்காய்த் துண்டு ஒன்று.

இந்த நொதியைப் பற்றி 2023ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு உண்டு. பழங்களில் உள்ள ஃபிளேவனால் என்ற நல்ல சத்தை வாழைப்பழ ஸ்மூத்தியில் சேர்த்துக் குடித்தபோது ரத்தத்தில் அந்தச் சத்தின் அளவு, அதை மாத்திரையாக எடுத்துக்கொண்டபோது இருந்ததைவிட 84 சதவீதம் குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு வாழைப்பழத்தைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை, அதன் பொட்டாசியமும் நாரும் எங்கும் போகவில்லை. திராட்சையையோ ஆப்பிளையோ அந்தச் சத்துக்காகவே குடிக்கிறீர்கள் என்றால் அன்றைக்கு வாழைக்குப் பதிலாகத் தயிரோ வழுக்கையோ போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் மாற்றிக்கொண்டேன்.

இன்னொன்று, அடித்த உடனே சேற்று நிறம். கீரையின் பச்சையும் மாதுளை, திராட்சை, பீட்ரூட்டின் சிவப்பும் சேர்ந்தால் வேறு எந்த நிறமும் வராது. கீரைக்கு மாம்பழம், அன்னாசி, வாழை போன்ற மஞ்சள் பழங்கள்தான் துணை. நாவல்பழம் பாலோடு சாம்பல் கலந்த ஊதாவாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். அதன் நிறப்பொருள் புளிப்பில் சிவக்கும், புளிப்பு குறைந்தால் நீலத்தை நோக்கிப் போகும். எலுமிச்சை சில துளி விட்டால் நிறம் திரும்பும், ஆனால் பால் திரியும். ஆகவே நாவலுக்குத் தயிர்.

நாரும் விதையும் பல்லில் மாட்டுகின்றன

மாம்பழத்தில் பங்கனபள்ளி, இமாம்பசந்த் போன்ற நாரில்லாத வகையைப் பாருங்கள். நாட்டு மாம்பழத்தைக் கையால் பிசைந்து சல்லடையில் தேய்த்து எடுப்பது நல்லது. கொய்யாவுக்கு நடுப்பகுதியைத் தனியே கரண்டியால் எடுத்து, சிறிது தண்ணீரோடு இரண்டு சுற்று மட்டும் அடித்து வடிகட்டுங்கள். விதை உடையாது, வாசனை வந்துவிடும்.

பூண்டு வாடை அடிக்கிறது

ஸ்மூத்திக்கென்று ஒரு ஜாரைத் தனியாக ஒதுக்கிவிடுவது ஒன்றே நிரந்தரத் தீர்வு. அது முடியாதபோது மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிப் பாருங்கள், வாடை அங்கேதான் குடியிருக்கும். வாஷரைச் சமையல் சோடா கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். ஜாரில் வெந்நீரும் எலுமிச்சைத் தோலும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, மூடியை லேசாகத் தளர்த்திப் பிடித்துச் சில விநாடி மெதுவாக ஓட்டுங்கள். வெந்நீர் என்றால் கை பொறுக்கும் சூடு. கொதிநீரை மூடி அடித்தால் ஆவி மூடியைத் தூக்கிவிடும்.

குடித்த ஒரு மணி நேரத்தில் பசிக்கிறது, அல்லது சர்க்கரை அளவு ஏறிவிடுகிறது

இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், வேர் ஒன்றுதான். டம்ளரில் இனிப்பு நிறைய, புரதமும் கொழுப்பும் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சர்க்கரை சுமார் 14 கிராம். ஒரு கப் மாம்பழத்தில் 20 கிராம் அளவு. சிறிய பேரீச்சம்பழம் நான்கில் 18. ஒரு மேசைக்கரண்டி தேனில் 17. ஆகமொத்தம் ஏறக்குறைய 70 கிராம். ஆரோக்கிய பானம் என்ற பெயரில் இதை மூன்று நிமிடத்தில் குடித்துவிடுகிறோம். இதே பழங்களை உட்கார்ந்து மென்று தின்றிருந்தால் பாதியிலேயே போதும் என்றிருக்கும். அரைப்பதால் நார் காணாமல் போவதில்லை. வேகமும் அளவும்தான் நம்மை ஏமாற்றுகின்றன. பழத்தோடு மேலே சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவர் 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் வழிகாட்டியது. தேனும் நாட்டுச்சர்க்கரையும் பனங்கற்கண்டும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

பசிக்கு மருந்து புரதம். தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம், ஆறு கிராம் புரதம் தரும். அரை கப் கெட்டித் தயிர் சேர்ந்தால் மதியம் வரை தாங்கும். பொட்டுக்கடலை, வறுத்த எள், ஊறவைத்த பாதாம் எதுவும் சரி. கடலையைத் தனியாகப் பொடித்துவிட்டுப் போட்டால் கரகரப்பு இருக்காது.

அத்தைக்கு நான் செய்வது இது. கொய்யா ஒன்று, தயிர் அரை கப், வேர்க்கடலை ஒரு கரண்டி, இஞ்சித் துண்டு, உப்பு. வாழையும் பேரீச்சையும் இல்லை. சிறிய டம்ளர், அதுவும் காலை உணவோடு, தனியாக இல்லை. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி உண்டு, ஆரஞ்சைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. விலையும் குறைவு. முதல் இரண்டு வாரம் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலேயே அளந்து எழுதிவைத்து, மருத்துவரிடம் காட்டிய பிறகே தொடர்ந்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒருவருக்கு ஒத்துப்போனது இன்னொருவருக்கு ஒத்துப்போக வேண்டும் என்றில்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழை, இளநீர், பசலைக்கீரை சேர்ந்த ஸ்மூத்தியை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். நட்சத்திரப்பழம் அவர்களுக்கு அறவே கூடாது, நரம்பு மண்டலத்தையே பாதிக்கும். கொழுப்புக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் பம்பளிமாஸ் சேர்ப்பதற்கு முன் மருந்துக்கடையிலாவது கேளுங்கள். சில மாத்திரைகளோடு அது ஒத்துப்போகாது.

வயிறு உப்புசமாக இருக்கிறது

பாலை நிறுத்தித் தயிருக்கு மாறிப் பாருங்கள். பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு அதிலேயே சரியாகிவிடும். பச்சை ஓட்ஸை அப்படியே போட்டிருந்தால் அடுத்த முறை இரவே ஊறவையுங்கள். அப்புறம், கடகடவென்று குடிக்காமல் வாயில் சற்று வைத்து விழுங்குங்கள்.

வைத்திருந்து குடிக்க வேண்டும்

பாட்டிலை விளிம்பு வரை நிரப்புங்கள், காற்றுக்கு இடம் இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் ஒரு நாள், அதற்கு மேல் வேண்டாம். வெளியே என்றால் இரண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. பழனிப் பஞ்சாமிர்தமும் வாழைப்பழம்தானே, அது நாள்கணக்கில் கெடாமல் இருக்கிறதே என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. அதில் சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை, நீர்ப்பதம் குறைந்த விருப்பாட்சி மலைவாழையைச் சர்க்கரை, தேன், நெய்யோடு பிசைகிறார்கள். கிருமி பெருக ஈரம் கிடைப்பதில்லை. நம் ஸ்மூத்தி முழுக்கத் தண்ணீரும் தயிரும். வெளியே வைத்தால் அது கிருமிக்குப் பந்தி போட்டது மாதிரி.

பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டுமென்றால் முந்தின இரவே பாட்டிலில் முக்கால் பங்கு ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். உறையும்போது விரியும், அதற்குத்தான் அந்தக் கால் பங்கு இடம். காலையில் கட்டியாக எடுத்து ஈரத்துணி சுற்றிக் கொடுத்தால் பத்தரை மணி இடைவேளைக்குக் குழையக் குழைய இருக்கும். பால், தயிர் சேர்த்த பப்பாளி, அன்னாசி, கிவி, கிர்ணி மட்டும் இந்தப் பாட்டிலில் வேண்டாம். வீட்டில் மிஞ்சியதைக் குல்ஃபி அச்சில் ஊற்றி வைத்துவிடுங்கள். பள்ளி விட்டு வரும்போது குச்சி ஐஸ் தயாராக இருக்கும்.